கிட்டாருக்கு வைத்த பொட்டு

நவமியன்று பிற்பகல் இரண்டேகால் மணிக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துர்கா பூஜை நாட்களில் பந்தலில் மேளம் அடிப்பவர்கள் சாப்பிடப் போனால்தான் எங்கள் காளிகாட் சந்தில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். அன்று மேளம் நின்றதும், கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மகள் படியேறி வந்தாள். பந்தலில் கிச்சடிப் பிரசாதம் சாப்பிட்ட கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"மா, கிட்டார் எங்கே?"

"பூஜையில இருக்கு."

"எந்தப் பூஜையில?"

"நம்ம பூஜையிலதான். இன்னிக்கு சரஸ்வதி பூஜை, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. மாற்றலாகிக் கல்கத்தா வந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. அந்த நவமியின்போது பதினொன்று. கனவில் உளறுவதுகூட வங்காளத்தில்தான். அந்த ஊருக்கு நவமி என்றால் கொண்டாட்டத்தின் கடைசி இரவு. எங்களுக்கோ புத்தகம், கருவி, வாத்தியம் எல்லாவற்றையும் பூஜையில் அடுக்கிப் பொட்டு வைத்து, மறுநாள் விஜயதசமி காலைவரை தொடாமல் இருக்கும் நாள். இந்த இரண்டும் ஒரே தேதியில் வந்து விழுவது வருஷா வருஷம் நடப்பதுதான். அதுவரை அதனால் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை. அந்த வருஷம் சந்துப் பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து அவள் பந்தல் மேடையில் கிட்டார் வாசிப்பதாக இருந்தது. நவமி மாலை ஏழு மணிக்கு.

கிட்டார் எங்களுடையதும் இல்லை. கீழ்வீட்டுத் திதியின் மகனுடையது. வங்காளத்தில் அக்காவைத் திதி என்பார்கள்; அவர்தான் எங்கள் வீட்டுக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். மகன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது, "ஈரத்துல கெட்டுப்போயிடும், நீ வாசிச்சிட்டு இரு" என்று என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பூஜைக்கு அன்று மாலை ரயிலில் வருகிறான்.

காலையில் மகள் புதுப்புடவை கட்டிக்கொண்டு பந்தலுக்குப் புஷ்பாஞ்சலி கொடுக்கப் போன சமயத்தில், கறுப்பு உறையிலிருந்து அதை எடுத்து, அவளுடைய பாடப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். கிட்டாரின் கழுத்துப் பலகை நெடுக வெள்ளைப் புள்ளிகள் பதிக்கப்பட்டிருந்தன. வாசிக்கிறவர்கள் இடம் தெரிந்துகொள்வதற்கான அடையாளம் அது. மிளகைவிடச் சற்றுப் பெரியவை. பொட்டு வைப்பதற்கென்றே யாரோ அளந்து இடம் விட்ட மாதிரி இருந்தன. தீக்குச்சி முனையில் சந்தனம் தொட்டு, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் வைத்தேன். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மகள் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள்.

"இது என்ன, மா? சிக்கன் பாக்ஸ் வந்த மாதிரி?"

"வாயைக் கழுவு. நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்."

"நாளைக்கு எடுத்து? விசர்ஜனத்துல கங்கைக்குள்ள போய் வாசிக்கவா?"

என் கணவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். பூஜை விடுமுறையில் அந்த ஊரில் பேப்பர் வராது. வீட்டு டி.வி. ரிமோட்டையும் நான் பூஜையில் வைத்துவிட்டதால் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஒரு பூவைப் போட்டுக் கும்பிட்டுட்டு எடுத்துக்கட்டுமே. சரஸ்வதி ஒண்ணும் சொல்லமாட்டா."

"பழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ கேஸ் அடுப்பையும் வெச்சிருக்கணுமே" என்றாள் மகள். "அரிவாள்மணை? காலைல சுண்டல் எதுல தாளிச்சே? உனக்கு வேணுங்கிறதை மட்டும் தொடலாம். எனக்கு வேணுங்கிறதைத் தொடக்கூடாது. நான் மேடை ஏறக்கூடாதுன்னுதானே வெச்சே?"

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். மைக், விளக்கு, இரண்டு பக்கமும் பையன்கள், மறுமாதம் கெமிஸ்ட்ரி டெஸ்ட். வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாமியை நடுவில் நிறுத்தினேன். அதை அவள் ஒரே வரியில் கண்டுபிடித்துச் சொன்ன விதத்தில் எனக்குக் காது சுட்டது.

"சரி, எடுத்துக்கோ" என்றேன். "துடைச்சுத் தரேன். நீ புடவையை மாத்து."

அவள் குளியலறைக்குள் போனாள். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. புள்ளிகளின் விளிம்பிலும், குறுக்கே பதித்திருந்த உலோகக் கம்பிகளின் ஓரத்திலும் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. துணியை இன்னும் நனைத்தேன். பிறகு, தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். ஏழாவது கட்டத்தில் இருந்த புள்ளியின் ஓரத்தில் ஊக்கு முனை இறங்கியதும், அது சோளம் பொரிவதுபோல எகிறிப் பாயில் விழுந்தது.

பிளாஸ்டிக் என்றுதான் நினைத்தேன். என் கணவரின் மேஜையிலிருந்து உடனடிப் பசைக் குழாயை எடுத்து, பள்ளத்தில் பிதுக்கி, புள்ளியை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். கம்பியைக்கூடத் தளர்த்தவில்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஈரம் இருக்கும் இடத்தில் அந்தப் பசை கண் மூடித் திறப்பதற்குள் இறுகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகையும் ஈரம், என் விரலும் ஈரம்.

மகள் சல்வார் மாற்றிக்கொண்டு வந்தபோது என் கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. ஒரு புள்ளி கொஞ்சம் கழண்டுச்சு."

"கையை எடு."

"எடுக்க வரலை."

சாதாரண நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம். என் கணவர் சிரிக்கவும் ஆரம்பித்தார். மகள் சிரிக்கவில்லை. பூஜைக்கென்று வாங்கிய நகப்பூச்சு ரிமூவரைக் கொண்டுவந்து என் விரலைச் சுற்றி ஊற்றினாள். விரல், கொஞ்சம் தோலை விட்டுவிட்டு வெளியே வந்தது. அந்தப் புள்ளி கோணலாக, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்த பசையோடு நின்றது. அவள் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மாஷிமாவோட சங்கு வளையல், மா."

"என்னது?"

"எல்லாப் புள்ளியும். தாதா பிளாஸ்டிக்கை எடுத்துட்டு, உடைஞ்ச வளையல் துண்டை அரத்தால தேச்சுத் தேச்சுப் பதிச்சிருக்கான். மாஷிமாக்குத் தெரியாது. என்கிட்ட மட்டும் சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான்."

மாஷிமா என்று அவள் அழைப்பது திதியை; தாதா, அதாவது அண்ணன், திதியின் மகன்.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் திதியின் கணவர் போனார். விடியற்காலையில் நான் காப்பிப் பாத்திரத்தோடு கீழே இறங்கினேன். உள்ளே பெண்கள் கூட்டமாக இருந்ததால் படியிலேயே நின்றுவிட்டேன். அந்த ஊரில் கல்யாணமான பெண்ணின் அடையாளம் கையில் வெள்ளைச் சங்கு வளையலும் வகிட்டில் சிந்தூரமும். நாத்தனார் ஒருவர் திதியின் கைகளைத் தரையில் வைத்து அம்மிக் குழவியால் தட்டினார். சங்கு உடைகிற சத்தம் பீங்கான் உடைகிற மாதிரி இல்லை, தட்டையாக இருந்தது. பிறகு ஒரு ஈரத்துணியால் வகிட்டைத் துடைத்தார்கள். நெற்றியெல்லாம் சிவப்பு இழுகியது, மறுபடி மறுபடி துடைத்தார்கள். திதி அழவில்லை. துணி எங்கே போகிறதோ அங்கெல்லாம் தலையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் காப்பியைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். மகன் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அவற்றின்மேல்தான் நான் வரிசையாகக் குங்குமம் வைத்திருக்கிறேன்.

அது மட்டுமில்லை. அந்த நவமி காலை பத்து மணி சுமாருக்குத் திதி மேலே வந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் வெல்லத் தேங்காய் உருண்டை. சுண்டலை வாங்கிக்கொண்டார். "உங்க சரஸ்வதியைப் பார்க்கலாமா?" என்று அலமாரி முன்னால் போய் நின்றார். வழக்கமாக, இது என்ன, அது என்ன, ரிமோட்டுக்குமா பொட்டு என்று கேலி செய்வார். அன்று ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்ததும் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார். மகன் வருகிற பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"நிஜமாவே அவருக்குத் தெரியாதா?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியாதுன்னுதான் தாதா சொன்னான்."

"காலைல வந்து பார்த்தாங்களே."

"அழாதே, மா" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "அழுதா பசை இன்னும் இறுகிடும்."

கடை எதுவும் திறந்திருக்காது. அந்த நான்கு நாட்கள் கல்கத்தாவில் பந்தலையும் சாப்பாட்டுக் கடையையும் தவிர வேறு எதுவும் இயங்காது. நாங்களேதான் செய்தாக வேண்டும். கீழே திதியின் காதில் விழாமல், மகன் வருவதற்குள்.

மகள் நடுக்கம்பிகள் இரண்டையும் தளர்த்தி, ஓரமாகத் தள்ளி, நூலால் கட்டினாள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ரிமூவரை நனைத்து, புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே இருந்தேன். அதில் இருக்கும் அசிட்டோன் பசையைக் கரைக்கும், சங்கை ஒன்றும் செய்யாது. அவ்வளவு கெமிஸ்ட்ரி எனக்கு அப்போது திரும்ப வந்திருந்தது. பூத்திருந்த வெள்ளை மெல்லக் கூழானதும் தையல் ஊசியை அடியில் விட்டு நெம்பினேன். வரவில்லை. மறுபடி நனைத்தேன். அதற்குள் மேளம் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நல்லவேளை என்று நினைத்தேன், நாங்கள் பேசுவது கீழே கேட்காது.

புள்ளி இரண்டாவது முறை கழன்றபோது என் உள்ளங்கையில் விழுந்தது. அடிப்பக்கத்தில் அரம் இழுத்த கோடுகள் தெரிந்தன. பசை பிடிப்பதற்காக அந்தப் பையன் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கிறான். பள்ளத்தில் என் சந்தனம், என் குங்குமம், பழைய பசை, புதுப் பசை எல்லாம் கலந்து சேறாக இருந்தது. தீக்குச்சியைச் சீவி அதைச் சுரண்டி எடுத்தேன். மகள் பழைய டூத்பிரஷ்ஷால் சங்கைத் தேய்த்தாள். மேற்பரப்பு வெளுத்தது. விளிம்பில் ஏறிய சிவப்பு மட்டும் போகவில்லை.

அவள் சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துவந்தாள். "இதைத் தேய்ச்சா போயிடுமா?"

"ஐயோ, வேண்டாம். புளிப்பு பட்டா சங்கு கரையும்." அன்றைக்கு நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அப்போது மேளம் சற்று ஓய்ந்த இடைவெளியில் கீழேயிருந்து திதியின் குரல் கேட்டது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கேட்டியா, ரயில் சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்லயே நிக்குதாம்! பூத்துலேருந்து போன் பண்றான். சிக்னல் கிடைக்கலையாம். இறங்கி பஸ் பிடிச்சு வரேங்கிறான். இந்தக் கூட்டத்துல எந்த பஸ் நகரும், சொல்லு!"

"வந்துடுவான் திதி" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. ஒரு தாய் மகனுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறாள். ரயில் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை எல்லாவற்றையும் காயவிட்டோம். என் கணவர் மேஜை விசிறியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டுப் பசை. மகள் புருவம் திருத்தும் இடுக்கியால் புள்ளியைப் பிடித்து, அரக் கோடுகள் கீழே வரும்படி வைத்தாள். மேலே ஒரு துண்டு பாலிதீன், அதன்மேல் அவளுடைய ரப்பர். என் கணவர் ஃபைலில் முத்திரை குத்துகிற முகத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

"போதும்பா, பலகை உடைஞ்சிடும்."

"உங்கம்மா உடைச்சதைவிடவா?"

என் மகள் கொஞ்சம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பாலிதீனை உரித்ததும் இரும்பு ஸ்கேலை விளிம்பு படும்படி வைத்துப் பார்த்தோம். புள்ளி பலகைக்கு மேலே ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. விரல் தட்டும் என்றாள் மகள். நகம் தேய்க்கும் சின்ன அரத்தை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு தடவை இழுத்தேன். வெள்ளைப் பொடி அரத்தில் ஒட்டியது. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. அரத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் மெல்ல, ஒரே திசையில், பலகையில் படாமல் தேய்த்தாள். முடித்ததும் ஸ்கேல் பிசிறின்றி உட்கார்ந்தது. பொடியை ஒரு மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தேன். எடுத்த பிறகு அந்தத் துணியை எங்கே உதறுவது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கீழ்வீட்டு முற்றம். குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை. நான்காக மடித்துப் பூஜை அலமாரியில், கிட்டார் இருந்த இடத்தில் வைத்தேன்.

மற்ற புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தோம். ஊக்கு இல்லை, ஈரத்துணி இல்லை, பிரஷ்ஷும் பஞ்சும்தான். மேலாகப் பூசியது மேலாகவே வந்துவிட்டது. அவையெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்தன. கழன்ற புள்ளியில் மட்டும் சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று நின்றுவிட்டது. பசைக்குள் சிக்கிய குங்குமம். அதை எடுக்க வேண்டுமானால் மறுபடியும் நெம்ப வேண்டும். நேரம் இல்லை. மகள் கம்பிகளைத் திரும்பக் கட்டிச் சுருதி சேர்த்தாள். அந்தக் கட்டத்தில் விரலை வைத்து ஒரு தரம் மீட்டினாள். சத்தம் சுத்தமாக வந்தது.

"தாதா கண்டுபிடிச்சிடுவான்" என்றாள்.

"நான் சொல்லிடறேன்" என்றேன். "திதிக்கு மட்டும் தெரியவேண்டாம்."

ஆறரை மணி இருக்கும். சந்தில் விளக்குத் தோரணம் போட்டுவிட்டார்கள். மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். படியில் காலடி கேட்டது. அவன்தான் என்று நாங்கள் எழுந்து நின்றோம். சொல்ல வேண்டியதை வங்காளத்தில் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தேன். முதல் வார்த்தையே வரவில்லை.

வந்தது திதி. ஓரத்தில் மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவை, கையில் டார்ச்.

"அவன் வர்ற மாதிரி தெரியலை" என்றார். "வா பெண்ணே, நான் உன்கூட வரேன். முன்வரிசையில உட்காரணும்னு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே என் மகளின் மடியிலிருந்த கிட்டாரைப் பார்த்தார்.

நான் விளக்குக்கும் கிட்டாருக்கும் நடுவே போய் நிற்கப் பார்த்தேன். அவர் என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டார்ச்சை அடித்தார். கழுத்துப் பலகையின் மேலிருந்து கீழாக, கம்பிகளின் இடையே ஒரு விரலை விட்டு, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். எது எங்கே இருக்கிறது என்று தேடாமலே விரலுக்குத் தெரிந்திருந்தது. மகன் மறைத்தது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஏழாவது கட்டத்தில் அந்தச் சிவப்பு வளையத்தின்மேல் விரல் நின்றது. அங்கேயே இருந்தது.

என் கணவர் விசிறியை நிறுத்தினார்.

திதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"மத்த பொட்டையெல்லாம் துடைச்சிட்டியா?" என்று கேட்டார்.